ஒளியைக் கொண்டு சூட்டை அளத்தல்: கண்டிச் சூழல் உலைகளும் அளவீட்டு நிச்சயமின்மையும்

பிலிமத்தலாவையிலும் கடலாதெனியவைச் சுற்றிய ஊர்களிலும் பித்தளை வார்க்கும் பட்டறைகள் பல தலைமுறைகளாக இருந்து வருகின்றன. அங்கே மூசையில் உருகிய பித்தளை ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸில் நிற்கிறது என்று கொள்வோம். பொடி விலக்கிய அதன் பளிச்சென்ற முகத்தை நோக்கி, 8 முதல் 14 மைக்குரோமீற்றர் அலைநீளத்தில் வேலைசெய்யும் துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்றைப் பிடித்தால் அது சுமார் 330 பாகை என்று காட்டும். 2020 இல் கடை வாசல்களில் நம் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்தக் கருவியின் தொழிற்சாலை உறவுதான் இதுவும். அதில் பழுது எதுவும் இல்லை. பார்க்கும் பொருளின் காலற்றிறன், அதாவது அதே சூட்டில் வெளிவிடக்கூடிய உச்சக் கதிரில் அது வெளிவிடும் பங்கு, 0.95 என்று அதற்குள் எழுதிவைத்திருக்கிறார்கள். மனிதத் தோலுக்கு அது ஏறத்தாழப் பொருந்தும். பளபளக்கும் உருகிய உலோகமோ 0.2 அளவில்தான் கதிரை வெளிவிடுகிறது. அதே தவறான அமைப்போடு 0.9 மைக்குரோமீற்றரில் பார்க்கும் தீமானி (உயர் சூட்டைக் கதிரால் அளக்கும் கருவி) ஒன்றை அங்கே பிடித்தால் 860 பாகை காட்டும். அதுவும் பிழைதான், ஆனால் முதலாவதைவிடப் பல மடங்கு சிறியது.

ஒரே உலோகம், ஒரே கணம், மூன்று எண்கள். உயர் வெப்பநிலையைக் கதிரால் அளப்பதிலுள்ள சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது. எந்த எண் சரி என்பதோடு கேள்வி முடிவதில்லை. சரியென்று நாம் கொள்ளும் எண்ணை எத்தனை பாகை வரை நம்பலாம் என்பதையும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைத்தான் அளவீட்டு நிச்சயமின்மையை மதிப்பிடுதல் என்கிறோம். கண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் இதற்குக் களமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. பிலிமத்தலாவையின் பித்தளை உலைகள், திகன, மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்புச் சூளைகள், மாத்தளையில் 1970களில் தொடங்கிய போசலின் உற்பத்தி, பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் ஹந்தானை வீதியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திலும் நடக்கும் கனிம ஆய்வு என்று 900 பாகையிலிருந்து 1,800 பாகை வரையான முழு வீச்சும் ஒரு மணி நேரப் பயண எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. இந்த உலைகள் ஒவ்வொன்றும் தீமானியை வேறு வேறு விதமாக ஏமாற்றுகின்றன.

நிச்சயமின்மையின் பெரும்பங்கு கருவியில் இல்லை, உலையில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அளவுதிருத்தச் சான்றிதழில் அச்சிட்டிருக்கும் ± எண்ணை அப்படியே எடுத்து உலையின் வெப்பநிலைக்குப் பக்கத்தில் எழுதிவிடும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

கண்ணிலிருந்து கருவிக்கு

வார்ப்பவரின் கண்ணைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. 907 பாகையில் கொதிக்கும் நாகம், பித்தளை அளவுக்கு மீறிச் சூடேறும்போது வெண்புகையாகவும் பச்சை சாயும் சுவாலையாகவும் வெளியேறிவிடும். அனுபவமுள்ள கைவினைஞர் பார்ப்பது உலோகத்தின் நிறத்தை மட்டுமல்ல, இந்தப் புகையையும்தான். அது ஒரு வேதியியல் அடையாளம். காலற்றிறனை அது சார்ந்திருக்கவில்லை. இலங்கைக் கனிம அளவையின் முதல் இயக்குநராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிய மரபின் உலோக வேலைகளை 1908 இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகப் பதிவு செய்தார். புவிச்சரிதவியலாளரான அவருக்கு உலையும் தாதும் தொழில்முறையாகவே தெரிந்த விடயங்கள். அவர் கண்ட உலைகளில் வெப்பமானி இல்லை. உருவங்கள் மட்டும் பிசகின்றி வார்ந்தன.

அப்படியானால் கண்ணுக்கு என்ன குறை? பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஒளிப்பரப்புகளை ஒப்பிடும்போது ஒன்றிரண்டு வீத வேறுபாட்டைக்கூட நம் கண் கண்டுபிடித்துவிடும். நேற்றைய உலையின் ஒளியை இன்றைய உலையோடு ஒப்பிடும்போது அந்தத் திறன் இல்லாமல் போகிறது. முற்றத்து வெயிலும் கூரை நிழலும் கண்ணின் தீர்ப்பை மாற்றிவிடுகின்றன. இந்தக் குறையைத் தீர்க்கவே 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறையும் இழைத் தீமானி பிறந்தது. உலையின் பிம்பத்தின் மேல் ஒரு விளக்கு இழையை வைத்து, இழை கண்ணுக்குத் தெரியாமல் கரையும் வரை மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். சிவப்பு ஒளியில், 0.65 மைக்குரோமீற்றரில், 1,000 பாகைக்கு அருகே ஒரு பாகை ஏறினால் ஒளி ஏறத்தாழ 1.4 வீதம் கூடுகிறது. ஆகவே பழகிய கண்ணுக்கு ஓரிரு பாகைத் துல்லியம் எட்டியது. இன்று கண் இருந்த இடத்தில் சிலிக்கன் உணரி இருக்கிறது; அடிப்படை மாறவில்லை.

அதற்கும் முன், 1780களில், இங்கிலாந்தின் மட்பாண்ட உற்பத்தியாளர் ஜோசியா வெட்ஜ்வுட் களிமண் துண்டுகள் சுருங்கும் அளவைக் கொண்டு சூளையின் சூட்டை அளந்தார். வரிசையாக நிறுத்திப் பார்க்க அது நல்ல கருவி. ஆனால் குறைந்த சூட்டில் கண்ட தொடர்பை அவர் மிக உயர்ந்த சூடு வரை நீட்டினார். அவருடைய அளவுத்திட்டப்படி வார்ப்பிரும்பு உருகும் இடம் ஏறத்தாழ 18,000 பரனைட்டு பாகை. அதைச் செல்சியஸுக்கு மாற்றினால் 10,000ஐ நெருங்கும். உண்மையில் அது 1,200 பாகைக்கு அண்மையில் உருகிவிடுகிறது. தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு நீட்டும்போது ஐயம் எப்படிப் பெருகும் என்பதற்கு அளவியல் வரலாற்றில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இதே நீட்டல் இன்றைய தீமானியிலும் உண்டு. அதன் விதி நமக்குத் தெரியும் என்பதுதான் வேறுபாடு.

அந்த விதி 1900 இல் மக்ஸ் பிளாங்க் தந்தது. 1990 ஆம் ஆண்டின் சர்வதேச வெப்பநிலை அளவுத்திட்டம் வெள்ளியின் உறைநிலைக்கு மேலே முழுவதும் இவ்விதியை நம்பியே நிற்கிறது. வெள்ளி 961.78, தங்கம் 1,064.18, செம்பு 1,084.62 பாகை ஆகிய மூன்றில் ஒன்றைத் தொடக்கமாகக் கொண்டு, அங்கே கரும்பொருள் (காலற்றிறன் ஒன்றாக உள்ள இலட்சியப் பொருள்) விடும் கதிரோடு ஒப்பிட்ட விகிதத்தால் மேலுள்ள வெப்பநிலைகளைக் கணிக்கிறார்கள். 2019 மே 20 முதல் கெல்வின் என்ற அலகே போல்ட்ஸ்மன் மாறிலியின் நிலைத்த பெறுமானத்தால் வரையறுக்கப்படுகிறது. செம்புக்கு மேலே நெடுந்தூரம் நீட்ட வேண்டியிருந்த குறையைக் காரீயம் தீர்த்தது. 1999 இல் ஜப்பானிய அளவியலாளர் யோஷிரோ யமடா குழுவினர், காரீய மூசைக்குள் உலோகமும் காபனும் சேர்ந்து உருகும் கலவைகளை நிலைப்புள்ளிகளாக்கும் வழியைக் காட்டினர். கோபால்ற்று–காபன் 1,324 பாகையிலும், பிளாற்றினம்–காபன் 1,738 பாகையிலும், இரேனியம்–காபன் 2,474 பாகையிலும் உருகுகின்றன. 2016 இல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து இம்மூன்றின் வெப்பநிலைகளை முறையே 0.13, 0.18, 0.35 கெல்வின் நிச்சயமின்மையோடு வெளியிட்டன. போகலையிலிருந்தும் கஹட்டகஹவிலிருந்தும் காரீயம் எடுத்து உலகின் மூசைத் தொழிலுக்கு அனுப்பிய நாடு இது. சூட்டைத் தாங்கவும் தூய்மையாக இருக்கவும் காரீயத்துக்குள்ள இயல்பு இங்கே யாருக்கும் புதிதல்ல.

ஆக, உலகின் தலைசிறந்த ஆய்வகத்தில் 1,738 பாகையில் ஐயம் 0.2 பாகைக்கும் குறைவு. நம் உலையில் அது எவ்வளவு?

ஐயத்தின் பெருக்கி

நிச்சயமின்மையைக் கூறும் பொதுமொழியை 1993 இல் வெளிவந்து 1995 இல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டி தந்தது. அதன் கருத்து எளியது. பிழை என்பது நமக்குத் தெரியாத ஒன்று, தெரிந்திருந்தால் திருத்திவிடுவோம். திருத்தியபின் எஞ்சும் ஐயத்தை ஒவ்வொரு மூலமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நியம விலகலாக மாற்றி, வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மீண்டும் மீண்டும் அளந்து பெறுவது ஒரு வகை. சான்றிதழ், நூல், அனுபவம் ஆகியவற்றிலிருந்து தீர்மானிப்பது மற்ற வகை. உயர் வெப்பநிலையில் முதல் வகையின் பங்கு மிகச் சிறியது. நூறு முறை படித்தாலும் தீமானி அதே தவறான எண்ணைப் பிசகாமல் காட்டும். வாசிப்புகள் சிதறாமல் இருப்பதைத் துல்லியமென்று எண்ணுவதுதான் இத்துறையில் மிகப் பரவலான மயக்கம்.

கதிர் அளவில் வரும் ஒரு வீத ஐயம் எத்தனை பாகையாகிறது என்பதை ஒரு பெருக்கி முடிவு செய்கிறது. கெல்வினிலுள்ள வெப்பநிலையின் வர்க்கத்தை அலைநீளத்தால் பெருக்கி, பிளாங்கின் இரண்டாம் கதிர்ப்பு மாறிலியால் (0.014388 மீற்றர்–கெல்வின்) வகுத்தால் அந்தப் பெருக்கி கிடைக்கும். 1,800 பாகையில் 0.65 மைக்குரோமீற்றருக்கு அது 194. காலற்றிறனில் 10 வீதம் தவறினால் 19 பாகை போகும் என்று பொருள். 0.9 மைக்குரோமீற்றரில் அதே தவறு 27 பாகையாகிறது, 1.6 மைக்குரோமீற்றரில் 48 பாகை. 10 மைக்குரோமீற்றரில் இந்த எளிய வாய்பாடு பொருந்தாது, பிளாங்கின் முழு விதியைப் போட வேண்டும். அங்கே 10 வீதத் தவறு ஏறத்தாழ 150 பாகையைத் தின்றுவிடுகிறது.

இதிலிருந்து எல்லாப் பாடநூல்களும் எடுக்கும் முடிவு, முடிந்தவரை குறுகிய அலைநீளத்தில் பார் என்பது. பொதுவாக அது சரி. ஆனால் திகனயின் சுண்ணாம்புச் சூளைக்கு முன் நிற்கும்போது அந்த முடிவு தடுமாறுகிறது. வெந்த சுண்ணாம்பு வெண்மையானது. வெண்மையான ஒட்சைட்டுகள் குறுகிய அலைநீளத்தில் கதிரைச் சரியாக வெளிவிடுவதில்லை. துகளின் பருமனுக்கும் கலப்புக்கும் ஏற்ப அவற்றின் காலற்றிறன் மாறிக்கொண்டே இருக்கும். 1 மைக்குரோமீற்றரில் அது 0.3க்கும் 0.5க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியுமென வைத்துக்கொள்வோம். 900 பாகையில் அந்த அறியாமை தரும் நியம ஐயம் 14 பாகை. 10 மைக்குரோமீற்றருக்கு அருகே அதே சுண்ணாம்பு 0.9ஐ ஒட்டி நிலையாக இருக்கும். அதன் எல்லைகள் ±0.03 மட்டுமே என்றால் அங்கே வருவது 13 பாகை. இரண்டும் ஏறத்தாழச் சமம். பெருக்கி சிறியதாக இருந்தும் அறியாமை பெரியதாக இருந்தால் பயனில்லை. கருவி விற்பவரின் அட்டவணையைப் பார்த்து அலைநீளத்தைத் தேர்வதைவிட, அளக்கப்போகும் பொருளைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்துத் தேர்வது மேல்.

சுண்ணாம்பில் இன்னொன்றும் உண்டு. ஏறத்தாழ 900 பாகையில் கல் காபனீரொட்சைட்டை விடத் தொடங்குகிறது. தீமானி பார்ப்பது கல்லின் தோலை மட்டும். உள்ளே வேகாத மையம் இருப்பதை அது அறியாது. சூளைக்காரருக்கு வேண்டியது மையத்தின் சூடு. இது அளவீட்டின் ஐயம் அல்ல, எதை அளக்கிறோம் என்பதிலுள்ள ஐயம். பட்டியல்களில் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

காலற்றிறன் தொல்லையிலிருந்து தப்ப இரண்டு நிறத் தீமானி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இரண்டு அலைநீளங்களில் அளந்து விகிதம் எடுத்தால் காலற்றிறன் வெட்டுப்பட்டுப் போகும் என்பது வாதம். இரண்டு அலைநீளங்களிலும் காலற்றிறன் சரிசமமாக இருந்தால் மட்டுமே அது உண்மை. 0.95, 1.05 மைக்குரோமீற்றர் என்ற நெருங்கிய இணையை எடுத்தால், பெருக்கியைப் பொறுத்தவரை அக்கருவி ஏறத்தாழ 10 மைக்குரோமீற்றர் கருவியாகிவிடுகிறது. 1,800 பாகையில் இரண்டு காலற்றிறன்களின் விகிதம் ஒரு வீதம் பிசகினாலே 30 பாகை போய்விடும். புகை, அழுக்கு, பாதி மறைந்த காட்சி போன்றவை இரு அலைநீளங்களையும் சமமாகக் குறைக்கும் இடங்களில் விகிதத் தீமானி கைகொடுக்கும். அது காலற்றிறனுக்குப் பொதுமருந்து என்று நம்பி வாங்குவோர் ஏமாறுவார்கள்.

உண்மையான விடுதலை உட்குழியில் இருக்கிறது. உலைக்குள் ஒரே சூட்டிலிருக்கும் சுவர்களுக்கு நடுவே சிறு துளை வழியாகப் பார்த்தால், சுவர் வெளிவிட்டதும் தெறித்ததுமாகச் சேர்ந்து கரும்பொருளின் கதிரை நெருங்குகிறது. சுவரின் காலற்றிறன் வெறும் 0.5 ஆக இருந்தாலும், துளையின் பரப்பு உட்பரப்பில் நூறில் ஒரு பங்கு என்றால் துளையின் பயனுறு காலற்றிறன் 0.99 அளவுக்கு உயர்ந்துவிடும். ஒரே சூடு என்பது இதற்கு நிபந்தனை. சுவர் பொருளைவிட 50 பாகை சூடாக இருந்து, பொருளின் காலற்றிறன் 0.4 ஆகவும் இருந்தால், 1,600 பாகைக்கு அருகே 0.9 மைக்குரோமீற்றரில் பார்க்கும் தீமானி பொருளைவிட 30 பாகை கூட்டிக் காட்டும். பொருளைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு பாதிக்கு மேல் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

கெவுடா: ஊடுருவிப் பார்க்கும் சிக்கல்

இவையெல்லாம் ஒன்றாகக் கூடும் இடம் கெவுடாக் கல்லின் வெப்பமூட்டல். பால்போல் மங்கிய இந்தக் குருந்தக் கற்களை ஒரு காலத்தில் இங்கே மதிப்பற்றவை என்று ஒதுக்கினார்கள். 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று சூடேற்றி நீலக்கற்களாக்கி விற்றார்கள். அந்த இழப்பை உணர்ந்த பின்னரே இலங்கையில் கெவுடா ஆய்வு வேகம் பெற்றது. உள்ளே நடப்பது இதுதான்: கல்லுக்குள் ஊசி ஊசியாகப் படிந்திருக்கும் தைத்தேனியம் ஒட்சைட்டு 1,600 பாகைக்கு மேல் கரைந்து பளிங்குக்குள் பரவுகிறது. ஒட்சிசன் குறைந்த சூழலில் இரும்பும் தைத்தேனியமும் இணைந்து நீலத்தைத் தருகின்றன. குருந்தமே ஏறத்தாழ 2,050 பாகையில் உருகிவிடும். அதற்குள் எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம், எந்த வளிச் சூழலில் என்பவைதான் தொழிலின் உயிர். லக்மினி என்று அழைக்கப்படும் வாயு உலைகளில் இந்த மூன்றையும் கட்டுப்படுத்த முயல்கிறார்கள்.

1,200 பாகைக்கு மேல் சாதாரண கே வகை வெப்பவிணை நீண்ட நேரம் நிற்காது. பிளாற்றினம்–உரோடியம் கொண்ட பி வகை 1,700 பாகை வரை பயன்படும். ஆனால் கெவுடாவுக்கு வேண்டிய ஒட்சிசன் குறைந்த சூழலில் அது சீக்கிரம் கெட்டுப்போகும்; விலையும் அதிகம். ஆகவே உயர்ந்த சூட்டில் தீமானியே துணை. அங்கே ஒரு விந்தையான தடை வருகிறது. குருந்தம் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து ஏறத்தாழ 5 மைக்குரோமீற்றர் வரை ஒளியைக் கடத்தும் பொருள். 0.9 மைக்குரோமீற்றரில் கல்லை நோக்கினால் கல்லின் பின்னாலிருக்கும் மூசைச் சுவரின் ஒளிதான் கல்லை ஊடுருவி வருகிறது. மேலும், தொடக்கத்தில் மங்கலாக இருக்கும் கல் ஊசிகள் கரையக் கரையத் தெளிகிறது. சிகிச்சை முன்னேறும்போதே காலற்றிறனும் ஊடுருவலும் மாறுகின்றன. அதாவது நாம் அளக்க விரும்பும் மாற்றம், அளக்கும் கருவியின் அடிப்படையையே மாற்றுகிறது. கல் ஒளி புகாப் பொருளாகிவிடும் 10 மைக்குரோமீற்றருக்குப் போகலாம்தான். ஆனால் அங்கே பெருக்கி பூதாகாரமாக நிற்கிறது. அந்த அலைநீளத்தை உலையின் குவாட்ஸ் சாளரமும் கடத்தாது.

கல்லை நோக்குவதைக் கைவிடுவதே நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன். கற்கள் இருக்கும் அலுமினா மூசையை மூடி, அதன் அருகே ஒரு முனை மூடிய நீண்ட குழாயொன்றை நிறுத்தி, குழாயின் அடியை நோக்க வேண்டும். அப்போது தீமானிக்குக் கரும்பொருள் கிடைக்கும். மிஞ்சும் ஐயம், குழாயின் அடியும் கற்களும் எத்தனை பாகை வேறுபடும் என்பது. அந்த வேறுபாட்டை அளக்கலாம், மதிப்பிடலாம், குறைக்கலாம். கல்லின் காலற்றிறன் விடயத்தில் இவை எதையும் செய்ய முடியாது.

இடையிலிருக்கும் வெளி

உலைக்கும் கருவிக்கும் இடையே இருக்கும் சில அடித் தூரமும் கணக்கில் சேர வேண்டியது. பித்தளை மூசையின் மேலெழும் நாக ஒட்சைட்டு வெண்புகை 0.9 மைக்குரோமீற்றர் ஒளியில் பாதியை மறைத்தால் 1,000 பாகை 933 ஆகத் தெரியும். காற்றடிக்கும்போது புகை விலகி எண் தாவும். அத்தகைய தாவல்களுக்குச் சராசரி எடுப்பது பிழை. புகை கதிரைக் குறைக்கவே செய்யும், கூட்டாது. எனவே உச்ச வாசிப்புகளைத்தான் கொள்ள வேண்டும். கரிப்புகை கலந்து மஞ்சளாக எரியும் வாயுச் சுவாலையோ இதற்கு நேர்மாறாக எண்ணை உயர்த்தும். சுண்ணாம்புச் சூளையில் நிறைந்திருக்கும் காபனீரொட்சைட்டு 4.3 மைக்குரோமீற்றரிலும், நீராவி 1.4, 1.9, 2.7 மைக்குரோமீற்றர்களிலும் ஒளியை விழுங்கும். 3.9 மைக்குரோமீற்றர் போன்ற இடைவெளிகளை உலைக் கருவிகளுக்குத் தேர்வது இதனால்தான்.

கண்டியின் ஈரப்பதம் பற்றி ஒரு சொல். புகைப்படக்காரர்களுக்கு நன்கு தெரிந்த வில்லைப் பூஞ்சணம் தீமானியின் வில்லையிலும் வளரும். ஒவ்வொரு வீத ஒளியிழப்பும் 1,600 பாகையில் 2 பாகைக்கு மேல் தின்னும். கருவியை ஈரம் உறிஞ்சும் பொருளோடு மூடிய பெட்டியில் வைப்பது பராமரிப்பாளரின் வேலை மட்டுமன்று, அளவியல் நடவடிக்கையும்கூட. மறுபுறம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம் கண்டியில் வளியமுக்கத்தைக் குறைப்பதை உலோக நிலைப்புள்ளிகள் உணர்வதே இல்லை. விளைவு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழ்.

தீமானி தன் இலக்கு வட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளியையும் சிறிது சேர்த்துக்கொள்ளும். இதை மூல அளவு விளைவு என்கிறோம். ஆய்வகத்தில் சிறு கரும்பொருள் துளையை நோக்கி அளவுதிருத்திய கருவியை, உலையின் பெரிய ஒளிரும் வாயை நோக்கித் திருப்பினால் அது கூட்டிக் காட்டும். மலிவான கருவிகளில் இது சில வீதம் வரை போகலாம். பயன்படுத்துவோர் இதை அரிதாகவே அறிந்திருக்கிறார்கள்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு வரவுசெலவைப் போட்டுப் பார்ப்போம். உலை 1,600 பாகை, கருவி 0.9 மைக்குரோமீற்றர், பெருக்கி 219, அதாவது ஒரு வீதத்துக்கு 2.2 பாகை. முதலில் திருத்தம். குவாட்ஸ் சாளரம் சராசரியாக 91 வீதத்தைக் கடத்துகிறது என்றால் தீமானி ஏறத்தாழ 21 பாகை குறைத்துக் காட்டும். அது தெரிந்த விளைவு. ஐயப் பட்டியலில் ஒளித்துவைக்காமல் எண்ணிலேயே திருத்திவிட வேண்டும்.

இனி எஞ்சுபவை. சான்றிதழ் இருமடங்கு விரிவோடு ±4 பாகை என்றால் நியம ஐயம் 2. அளவுதிருத்தியபின் கருவி நகர்ந்திருக்கக்கூடியது ±3, நியமமாக 1.7. சூழல் வெப்பத்தால் 1, வாசிப்புச் சிதறலால் 1. கருவியோடு சேர்ந்தவை இவ்வளவே. வர்க்கங்களைக் கூட்டினால் 3 பாகை, இருமடங்கில் ±6. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

உலையைச் சேர்க்கலாம். குழியின் காலற்றிறன் 0.94க்கும் 1க்கும் இடையில் என்றால் 3.9 பாகை. சாளரத்தின் அழுக்கு 0.89க்கும் 0.93க்கும் இடையில் கடத்தலை மாற்றினால் 2.8. மூல அளவு விளைவு ஒரு வீதத்துக்குள் என்றால் 1.3. பார்க்கும் இடத்துக்கும் பொருளுக்கும் இடையே ±10 பாகை வேறுபாடு இருக்கலாம் என்றால் 5.8. எல்லாவற்றையும் சேர்த்தால் 8.2, இருமடங்கில் ±16 பாகை. ஐயத்தின் வர்க்கத்தில் பாதி கடைசி உறுப்பு ஒன்றிலிருந்தே வருகிறது. விலையுயர்ந்த புதிய தீமானி வாங்கிச் சான்றிதழின் 4ஐ 1 ஆக்கினாலும் 16 என்பது ஏறத்தாழ 16 ஆகவே நிற்கும். அதே பணத்தில் உலையின் சூட்டைச் சீராக்கி அந்த ±10ஐ ±4 ஆக்கினால் மொத்தம் ±12க்கு இறங்கும். வரவுசெலவைப் போட்டுப் பார்ப்பதன் பயன் இதுவே: எங்கே செலவழிக்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. குழியின் காலற்றிறன் ஒன்றைத் தாண்டாது; சாளர அழுக்கு ஒளியைக் கூட்டாது. இவ்வகை ஐயங்கள் ஒரு பக்கமாகவே சாயும். அவற்றைச் சமச்சீரான ± ஆக எழுதும் முன், நடுமதிப்பை நகர்த்தித் திருத்துவது நியாயம்.

கண்டியில் செய்யக்கூடியவை

1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் நாட்டின் அளவியல் சங்கிலிக்குத் தலை. கொழும்பின் கைத்தொழில் தொழினுட்ப நிறுவகமும் வெப்பநிலை அளவுதிருத்தம் செய்கிறது. ஆனால் கருவியை மலையிறக்கி அனுப்பித் திரும்பப் பெறும் இடைவெளியில் அது நகர்ந்துவிட்டதா என்பதை உள்ளூரிலேயே சரிபார்க்கும் வழி வேண்டும். அதற்கு வேண்டிய உலோகங்கள் கண்டி நகரத்து நகைக்கடைகளிலேயே கிடைக்கின்றன.

தூய தங்கத்தின் சிறு கம்பியை வெப்பவிணையின் இரு முனைகளுக்கு இடையே பாலமாக வைத்துச் சூடேற்றினால், 1,064 பாகையில் அது உருகி அறும் கணத்தில் வெப்பவிணையின் பெறுமானம் தெரிந்துவிடும். பின்னர் அந்த வெப்பவிணையைக் குழாய்க் கரும்பொருளின் அடியில் வைத்துத் தீமானியோடு ஒப்பிடலாம். தங்கத்தைத் தேர்வதற்குக் காரணம் அது காற்றைக் கண்டுகொள்ளாது என்பதே. வெள்ளி உருகும்போது ஒட்சிசனை விழுங்கி, திறந்த காற்றில் ஏறத்தாழ 10 பாகை கீழே உறைகிறது. செம்பு காற்றில் ஒட்சைட்டோடு சேர்ந்து 1,066 பாகைக்கு இறங்கிவிடும். காரீய மூசையில் காரீயப் பொடியால் மூடினால் மட்டுமே 1,084.62 கிடைக்கும். நகைக்கடைத் தங்கத்தின் தூய்மையையும் சோதித்தே வாங்க வேண்டும். 22 கரட் இதற்கு உதவாது.

1,064 பாகையில் சரிபார்த்ததை 1,700 பாகைக்கு நீட்டும்போது ஐயமும் நீளும், வெப்பநிலைகளின் விகித வர்க்கத்தால். தங்கத்தில் 1 பாகை ஐயம் இருந்தால் 1,700 பாகையில் அது ஏறத்தாழ 2.2 பாகையாகிறது. வெட்ஜ்வுட்டுக்குக் கிட்டாத வாய்ப்பு இது: எவ்வளவு நீளும் என்பது முன்கூட்டியே தெரிகிறது. அலைநீளம் சரியாகத் தெரியாமலிருப்பதும் உணரியின் நேர்கோட்டின்மையும் அதன்மேல் சேரும். அவற்றைக் குறைக்கக் கோபால்ற்று–காபன் மூசையொன்றும் பிளாற்றினம்–காபன் மூசையொன்றும் பேராதனையில் இருந்தால், மாத்தளை முதல் பிலிமத்தலாவை வரையுள்ள உலைகளுக்கு அது நிலைத்த உதவியாகும். இதைப் பெருஞ்செலவுத் திட்டமாக நான் எண்ணவில்லை. உயர் வெப்பநிலை உலையும் பயிற்சியுள்ள கைகளும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

பித்தளைப் பட்டறைக்கு இவ்வளவு தேவையில்லை. புகை விலகிய உச்ச வாசிப்பு, குறுகிய அலைநீளக் கருவி, உலோகத்துக்குள் இறக்கிய சிறிய ஒரு முனை மூடிய காரீயக் குழாயின் அடியை நோக்குதல் ஆகிய மூன்றும் இருந்தால் 1,000 பாகையில் ±15க்குள் நிற்கலாம் என்பது என் மதிப்பீடு. போசலின் சூளையில் வெப்பநிலையோடு நேரமும் சேர்ந்து வேலைசெய்வதால், 1886 இல் ஹேர்மன் சேகர் அறிமுகம் செய்த கூம்புகளின் வழிவந்தவையே இன்றும் நல்ல துணை. தீமானியின் எண்ணையும் கூம்பின் சாய்வையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வருவது இரண்டையும் மதிப்புள்ளதாக்கும்.

கெவுடா ஆய்வுக்கு மட்டும் கட்டாயமாக ஒரு ஒழுங்கு வேண்டும். 1,750 பாகையில் இரண்டு மணி நேரம் என்று எழுதும் ஒவ்வொருவரும், கருவியின் அலைநீளம், எதை நோக்கியது, சாளரத்துக்கு என்ன திருத்தம் செய்தது, காலற்றிறனுக்கு எந்த மதிப்பு இட்டது, விரிவாக்கிய நிச்சயமின்மை எவ்வளவு என்ற ஐந்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். ±16க்கும் ±60க்கும் வேறுபாடு தெரியாமல் இரு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிடுவது வீண். ஓர் உலையில் நீலமான கல் இன்னோர் உலையில் பாலாகவே நின்றதற்குக் காரணத்தைக் கல்லின் வேதியியலில் தேடுவதற்கு முன், இரண்டு தீமானிகளும் ஒரே தங்கக் கம்பியைக் கண்டனவா என்று கேட்க வேண்டும்.